கணினி இருக்க வேண்டிய இடம்



வீட்டிலுள்ள பொருள்களுள் எது எங்கே இருத்தல் வேண்டும் என்பதற்கு நம் இல்லங்களில் எழுதப்படாத முறையொன்று உண்டு. கத்தியும் அலவாங்கும் கொட்டிலின் மூலையில் இருக்கும். மண்ணெண்ணெய்ப் போத்தல் சிறு பிள்ளையின் கைக்கு எட்டாத தட்டில் இருக்கும். அலுமாரித் திறப்பு தாயாரின் சேலைத் தலைப்பிலோ, அவர் மட்டுமே அறிந்த வேறோரிடத்திலோ இருக்கும். இவற்றை இன்ன இடத்தில் வையுங்கள் என்று எவரும் சட்டம் செய்ததில்லை. பொருளின் பயனையும் அதனால் விளையக்கூடிய கேட்டையும் ஒருங்கே அறிந்தவர்கள் அதற்கேற்ற இடத்தைத் தாமே வகுத்துக்கொண்டனர். ஆனால், கணினியும் கைத்தொலைபேசியும் நம் வீடுகளுக்குள் வந்து இத்தனை ஆண்டுகளாகியும், அவற்றுக்குரிய இடம் யாது என்பதை நாம் இன்னும் தீர்மானித்தோமில்லை. எங்கே அமர்த்துவது என்று அறியாமல் உள்ளே விடப்பட்ட விருந்தாளியைப் போல அவை வீடெங்கும் திரிந்து, கடைசியிற் பிள்ளைகளின் படுக்கையிலே போய்த் தங்கிவிட்டன.

பெற்றாரின் துணையின்றிப் பிள்ளைகள் வீட்டில் இணையத்தைப் பயன்படுத்துவதை எவ்வளவுக்கு அனுமதிக்கலாம், எவ்வாறு கட்டுப்படுத்தலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கணினியைப் பழிப்பது என் நோக்கமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2005ஆம் ஆண்டில் நூலகம் என்னும் பெயரோடு தொடங்கப்பெற்ற எண்ணிம நூலகத்தில், நம் நாட்டுத் தமிழ் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் பெருந்தொகையாகச் சேர்க்கப்பட்டுள்ளன. மட்டக்களப்பில் ஒரு சிற்றூரில் இருக்கும் மாணவி, யாழ்ப்பாணத்தில் வெளிவந்து மறைந்த ஒரு சஞ்சிகையைத் தன் வீட்டிலிருந்தே புரட்டிப் பார்க்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்னும் இணையத்தளத்திலே தமிழ்மொழிமூலப் பாடங்கள் கிடைக்கின்றன. பிரத்தியேக வகுப்புக்குப் பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைக்கு இவை பெருந்துணை. இத்தகைய கருவியை வீட்டுக்குள் வரவிடாமல் தடுப்பவர் தம் பிள்ளைக்கு நன்மை செய்பவர் ஆகார். ஆயினும், நூல் நிலையத்துக்குப் பிள்ளையை அனுப்புகின்ற தகப்பன், நூல் நிலையத்துக்குச் செல்லும் வழியில் உள்ள சூதாட்டக்கூடத்தையும் மதுச்சாலையையும் பற்றி எண்ணாதிருக்க மாட்டான். இணையத்திலோ நூல் நிலையமும் சூதாட்டக்கூடமும் ஒரே வாயிலைக் கொண்டவை. அந்த வாயிலிலே பிள்ளை தனியே நிற்பதுதான் நம் கவலை.

முன்னர் வந்த கருவிகளை நினைத்துப் பாருங்கள். 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கிற்று. பின்னர் ஊர்களுக்குப் பரவிய வானொலிப் பெட்டி, நம் வீடுகளிற் பெரும்பாலும் கூடத்திலேயே வைக்கப்பட்டது. வைத்தவர்கள் பிள்ளைகளின் நலத்தை எண்ணி அவ்வாறு செய்தனர் என்று சொல்வதற்கில்லை. விலையுயர்ந்த பொருள், எல்லோரும் கேட்கவேண்டிய பொருள், ஆகவே கூடத்தில் இருந்தது. 1979ஆம் ஆண்டில் இந்நாட்டிலே தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியபோது அதுவும் அவ்விடத்திலேயே அமர்ந்தது. மின்சாரமில்லாத போர்க்கால யாழ்ப்பாணத்தில், துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோமே, அப்பொழுதும் ஒருவர் மிதிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். 

அதனால் விளைந்த பயன் பெரிது. பிள்ளை கேட்டதை எல்லாம் வீட்டாரும் கேட்டனர். விளங்காத சொல்லொன்று வந்தால் பிள்ளை அங்கேயே பொருள் கேட்டது. கேட்கத்தகாதது வந்தாற் பாட்டனார் ஒருமுறை செருமினாலே போதும். யாராவது எழுந்து பெட்டியை நிறுத்திவிடுவர். இவற்றுக்கெல்லாம் மேலாக, நிகழ்ச்சி என்று ஒன்று இருந்தால் அதற்கு முடிவு என்று ஒன்று இருந்தது. இரவில் நிலையமே தன் ஒலிபரப்பை முடித்துக்கொள்ளும். அதன்பின் எவ்வளவுதான் ஆசை இருந்தாலும் இரைச்சலைத்தான் கேட்கலாம். இடமும் துணையும் முடிவும் ஆகிய இம்மூன்றும், எவரும் நியமிக்காமலே பிள்ளைகளுக்குக் காவலாக நின்றன. கைத்தொலைபேசி வந்து இம்மூன்றையும் ஒருங்கே நீக்கிற்று. அது சட்டைப் பையில் இருப்பதால் அதற்கு இடமில்லை. காதிற் செருகும் கருவி இருப்பதாற் கேட்பவனுக்குத் துணையில்லை.

முடிவு நீங்கிய விதத்தைச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். தொடக்க காலத்து இணையத்தளங்களில் ஒரு பக்கத்தைப் படித்து முடித்தால், அடுத்த பக்கத்துக்குச் செல்ல ஓரிடத்தை அழுத்தவேண்டும். அந்த இடத்தில் வாசிப்பவன் ஒருகணம் நின்றான். போதும் என்று எழுந்து செல்ல அக்கணம் இடம் தந்தது. 2006ஆம் ஆண்டளவில் அசா ரஸ்கின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், கீழே செல்லச் செல்லப் புதியவை தாமாகவே வந்துகொண்டிருக்கும் முறையை அமைத்தார். பின்னாளில் அதன் விளைவைக் கண்டு அவரே வெளிப்படையாக வருந்தினார். இன்று டிக்டொக்கிலும் யூடியூபிலும் பிள்ளை காணும் குறுங்காட்சிகள் யாவும் இம்முறையின் வழிவந்தவையே. பத்தில் ஒன்பது காட்சி சாதாரணமாக இருக்கும். பத்தாவது மிக இன்பமாக இருக்கும். அந்தப் பத்தாவது எப்பொழுது வரும் என்று தெரியாமையாலேதான் விரல் நிற்பதில்லை. சூதாட்டப் பொறியின் முன்னே அமர்ந்தவனைப் பிடித்து வைப்பதும் இதே தெரியாமைதான். தேர்ந்த பொறியியலாளரும் உளவியல் கற்றோரும் சேர்ந்து அமைத்த பொறியின் முன்னே 10 வயதுப் பிள்ளையைத் தனியே அமர்த்திவிட்டு, “உனக்குத் தன்னடக்கம் இல்லை” என்று ஏசுவது நியாயமாகாது.

நம் நாட்டில் இந்நிலை முற்றிய காலத்தையும் நாம் அறிவோம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வட்ஸ்அப் வழியாகவும் ஸூம் வழியாகவும் வந்தன. அதுவரை பிள்ளையின் கையிற் கைத்தொலைபேசியைக் கொடாத பெற்றாரும், கடன்பட்டேனும் ஒன்றை வாங்கிக் கொடுத்தனர். அலைவரிசை கிடைக்காத ஊர்களிலே பிள்ளைகள் குன்றுகளிலும் மரங்களிலும் ஏறி இருந்து பாடம் படித்ததைச் செய்திகளிற் பார்த்தோம். அன்று அது தேவையாக இருந்தது. பெற்றாரிற் குறைகாண இடமில்லை. ஆனால், பாடசாலைகள் மீளத் திறந்தபின் சீருடை அணிந்து பிள்ளை பாடசாலைக்குத் திரும்பிற்று. கைத்தொலைபேசி மட்டும் பெற்றாரிடம் திரும்பவில்லை. அவசர காலத்துக்கென வழங்கிய அதிகாரத்தை யார்தான் எளிதில் திருப்பித் தருவர்?

இனி, பிற நாடுகள் இவ்விடயத்தில் யாது செய்தன என்பதைப் பார்ப்போம். தென்கொரியா 2011ஆம் ஆண்டிலே, 16 வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவு முதற் காலை 6 மணி வரை இணைய விளையாட்டுகளில் ஈடுபடுவதைத் தடைசெய்தது. பிள்ளைகள் பெற்றாரின் அடையாள இலக்கங்களைக் கொண்டு நுழைந்தனர். விளையாட்டுகளும், இச்சட்டம் தீண்டாத கைத்தொலைபேசிக்கு இடம்மாறின. பத்தாண்டுகள் கழித்து, 2021ஆம் ஆண்டிலே, அந்நாட்டுப் பாராளுமன்றம் தடையை நீக்கத் தீர்மானித்தது. அதே 2021ஆம் ஆண்டிற் சீனா, 18 வயதுக்குக் குறைந்தோர் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நாள்களிலும் பொது விடுமுறை நாள்களிலும் இரவு 8 மணி முதல் 9 மணி வரை மாத்திரமே இணைய விளையாட்டுகளை ஆடலாம் என்று விதித்தது. அங்கும் பெரியோரின் கணக்கைக் கொண்டு நுழையும் வழியைப் பிள்ளைகள் தேடாமல் இல்லை. அவுஸ்திரேலியா 2024ஆம் ஆண்டிற் சட்டமியற்றி, 16 வயதுக்குக் குறைந்தோர் சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் 10ஆம் திகதி முதல் தடுத்தது. அச்சட்டத்தின் சிறப்பு யாதெனில், தண்டனை பிள்ளைக்கும் இல்லை, பெற்றாருக்கும் இல்லை; தடுக்கத் தவறும் நிறுவனத்துக்கே 4 கோடியே 95 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் வரை அபராதம். பொறுப்பை உரிய இடத்திற் சுமத்திய சட்டம் என்று அதனைப் பாராட்டுகிறேன். நம் நாட்டிலும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் உண்டு. அதைப் பற்றிய வாதப்பிரதிவாதங்கள் பல. அவற்றுள் இன்று புகவேண்டியதில்லை. எச்சட்டமாயினும் இரவு 11 மணிக்கு ஒரு வீட்டின் அறைக்குள்ளே வந்து பிள்ளையின் போர்வையை விலக்கிப் பார்க்க இயலாது. கொரியாவின் பத்தாண்டு அனுபவம் இதையே காட்டுகிறது.

ஆகவே, வீட்டார் செய்யக்கூடியவற்றுக்கு வருவோம். முதலிற் பூட்டுகள். கணினியிற் பூட்டுகள் உண்டு. பலருக்கு அவை இருப்பதே தெரியாது. விண்டோஸ் கணினியிலே கணக்குகள் இருவகைப்படும். ஒன்று நிருவாகியின் கணக்கு. மற்றையது சாதாரணக் கணக்கு. நிருவாகியின் கணக்கை உடையவர் எதனையும் நிறுவலாம், எந்தக் கட்டுப்பாட்டையும் நீக்கலாம். நம் வீடுகளிற் கணினியை வாங்கிவந்து முதலில் இயக்குபவர் யார்? தகப்பனார் அல்லர், வீட்டிலே கணினி தெரிந்த ஒரே ஆளாகிய மகன். அவனே நிருவாகி. திறப்புக் கோர்வையை அவனிடம் கொடுத்துவிட்டு அவனுடைய அறையைப் பூட்டுகிறோம். நிருவாகியின் கணக்கும் அதன் கடவுச்சொல்லும் பெற்றாரிடம் இருக்க, பிள்ளைக்குத் தனியாகச் சாதாரணக் கணக்கொன்றை அமைத்தல் வேண்டும். பெற்றாருக்கு அது தெரியாதாயின், தெரிந்த ஒருவரை அழைத்து, அவர் செய்யும்போது அருகில் அமர்ந்து பார்க்கவேண்டும். அரை மணி நேர வேலை. கைத்தொலைபேசிகளில் இதற்கெனவே கூகுள் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் ஃபமிலி லிங்க் என்னும் செயலியை வெளியிட்டது. அப்பிள் நிறுவனம் 2018ஆம் ஆண்டில் ஸ்கிரீன் ரைம் என்னும் வசதியைச் சேர்த்தது. எத்தனை மணி நேரம், இரவு எத்தனை மணிக்கு நிற்கவேண்டும், எந்தச் செயலியைப் பெற்றாரின் இசைவின்றி நிறுவலாகாது என்பனவற்றை எல்லாம் இவற்றின் மூலம் வகுக்கலாம். பணம் கட்டவேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஒரு பெரும் பிழை நடைபெறுகிறது. சமூக ஊடகங்களிற் பெரும்பாலானவை 13 வயது நிரம்பியோருக்கே கணக்குத் தருவன. 9 வயது மகள் அழுகிறாள் என்பதற்காகத் தாயாரோ, கைத்தொலைபேசி விற்ற கடைப் பையனோ, பிறந்த ஆண்டை மாற்றி எழுதி 13 வயது என்று கணக்கைத் திறந்துவிடுகின்றனர். ஒரு சிறு பொய்தானே என்று நினைக்கலாம். அந்தப் பொய்யும் பிள்ளையோடு சேர்ந்து வளர்கிறது. அவளுக்கு 14 வயது ஆகும்போது நிறுவனத்தின் ஏட்டில் அவளுக்கு 18 வயது. இன்ஸ்டகிராம் 2024ஆம் ஆண்டு முதல் 18 வயதுக்குக் குறைந்தோரின் கணக்குகளுக்குச் சில சிறப்புக் காப்புகளை வைத்துள்ளது. அந்நியர் செய்தி அனுப்புவதைக் கட்டுப்படுத்துவது அவற்றுள் ஒன்று. நம் 14 வயதுப் பிள்ளைக்கு அவை இல்லை. அவள் அங்கே வயதுவந்த பெண். வளர்ந்தோருக்கு விற்கப்படும் விளம்பரமும் வளர்ந்தோருக்கு உரிய காட்சியும் அவளைத் தேடி வரும். பாடசாலையிற் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழை எடுத்துச் செல்கிறோம். இங்கேயும் உண்மையான திகதியையே எழுதுங்கள். இடம் கிடைக்காவிட்டால் இன்னும் நான்கு ஆண்டுகள் காத்திருக்கட்டும்.

பூட்டின் எல்லையையும் சொல்லிவிடவேண்டும். வீட்டு வைஃபையை இரவு 9 மணிக்கு நிறுத்திவைத்தால், பக்கத்து வீட்டு வைஃபை இருக்கிறது. நண்பனின் கைத்தொலைபேசியிலிருந்து பகிரப்படும் இணைப்பு இருக்கிறது. கட்டுப்பாடுகளைச் சுற்றிச் செல்வதற்கென்றே செயலிகள் உள்ளன; அவற்றை எவ்வாறு பயன்படுத்துவது என்று யூடியூபிலேயே பாடம் உண்டு. சிறு பிள்ளைக்குப் பூட்டு நன்கு பயன்படும். 14 வயதுக்கு மேற்பட்டவனுக்கு அது வேலியிலுள்ள படலை போன்றது. இது நம் காணி என்று அறிவிக்கும். தாண்ட நினைப்பவனைத் தடுக்காது.

அதனாலேதான் இடத்தைப் பற்றி இத்தனை வற்புறுத்துகிறேன். கணினியைக் கூடத்தில் வையுங்கள். அதன் முகப்பு சுவரைப் பார்க்காமல், வீட்டார் நடமாடும் பக்கத்தைப் பார்த்து இருக்கட்டும். கைத்தொலைபேசிகள் எல்லாவற்றுக்கும் மின்னேற்றும் இடம் ஒன்றே இருக்கட்டும்; அது படுக்கையறையாக இராதிருக்கட்டும். இரவு குறித்த நேரம் வந்ததும் தகப்பனாரின் தொலைபேசி உட்பட யாவும் அங்கே போய்ச் சேரவேண்டும். உட்பட என்பதை மறவாதீர்கள். தாம் படுக்கையில் முகநூல் பார்த்துக்கொண்டு பிள்ளையை மட்டும் தடுக்கும் தகப்பனாரைப் பிள்ளைகள் வெகு விரைவில் அளந்துகொள்வர். விடியற்காலையில் எழுந்து படிக்க அலாரம் வேண்டும் என்று க.பொ.த. சாதாரண தர மாணவன் சொல்வான். அலாரம் அடிக்கும் மணிக்கூடுகள் இன்றும் கடைகளில் விற்கின்றன.

இரவு நேரத்தை ஏன் தனியாகச் சொல்கிறேன் எனில், தீங்குகள் பலவும் அந்நேரத்திலேயே குவிகின்றன. முகப்பின் ஒளியும் மனத்தின் கிளர்ச்சியும் சேர்ந்து உறக்கத்தைத் தள்ளிவைக்கும். மறுநாள் வகுப்பிலே பிள்ளையின் கண்கள் திறந்திருக்கும், மனம் மூடியிருக்கும். வீட்டார் உறங்கிவிட்ட நேரம் என்பதை அந்நியரும் அறிவர்.

குழந்தைகளைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் திரை வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் ஆகாது, குறைவாயின் நன்று. நிலாவைக் காட்டிச் சோறூட்டியது போய், திரையைக் காட்டி ஊட்டும் காலம் இது. நிலா உள்ளபோதும் குழந்தை தாயின் முகத்தைப் பார்த்தது.

கூடத்தில் வையுங்கள் என்று சொல்லுவது எளிது, எல்லோருக்கும் கூடம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மலையகத் தோட்டங்களில் ஒரே லயன் அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்கிறது. அங்கே மறைவிடம் வீட்டுக்குள் இல்லை. பிள்ளை கைத்தொலைபேசியோடு வெளியே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே போய்விடுகிறது. அங்கே கொள்ளவேண்டிய விதி, அறையைப் பற்றியதாக இராமல் வாசலைப் பற்றியதாக இருக்கும்: தொலைபேசி வாசற்படியைத் தாண்டிப் பிள்ளையோடு தனியே போகலாகாது.

இதனினும் கடினமான நிலை ஒன்று உண்டு. மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைக்கும் தாயின் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். தாயின் முகத்தை அது காண்பதே கைத்தொலைபேசியில்தான். அவள் வேலை முடித்து அழைக்கும் நேரம் இங்கே நள்ளிரவாக இருக்கலாம். வீட்டில் இருப்பவர் அம்மம்மா. அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிப்பதே கடினம். இவ்வீட்டில் இரவு 9 மணிக்குத் தொலைபேசியை வாங்கி வைத்துவிடு என்று யார் சொல்லத் துணிவர்? மேற்கு நாடுகளில் எழுதப்படும் அறிவுரைகளில் இந்த அம்மம்மாவுக்கு இடமில்லை. எனினும், தாயார் அங்கிருந்தே சில காரியங்களைச் செய்யலாம். பெற்றாருக்குரிய கட்டுப்பாட்டுச் செயலியைக் கடல் கடந்து இருந்தும் இயக்கலாம். எதனை நிறுவலாம் என்ற அனுமதி அவள் கையிலேயே இருக்கலாம். அழைக்கும் நேரத்தை ஒரு முறையாக வகுத்து, அந்நேரத்தில் தொலைபேசி அம்மம்மாவின் அருகிலிருந்து எடுக்கப்பட்டு, பேச்சு முடிந்ததும் அவரிடமே திரும்பச் சேரும்படி பழக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் அம்மம்மாவுக்குப் பேரப்பிள்ளையின் முகத்தைப் படிக்கத் தெரியும். திரையை எவரேனும் கடக்கும்போது பிள்ளை சட்டெனத் திருப்பிக்கொள்கிறதா, செய்தியொன்று வந்ததும் முகம் வெளிறுகிறதா, உண்ணாமல் எழுந்து செல்கிறதா என்பனவற்றை எந்தச் செயலியும் அறியாது, அருகிலிருப்பவர் அறிவர். புலம்பெயர்ந்த மாமனார்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊருக்கு வரும்போது மருமகனுக்குப் புதிய ஐபோனைக் கொண்டுவந்து நேரே அவன் கையிற் கொடுத்துவிட்டு விமானம் ஏறாதீர்கள். முதலில் தாயாரிடம் கேளுங்கள்.

வளர்ந்த பிள்ளைகள் மறுத்துக் கூறுவதையும் கேட்டல் வேண்டும். “எனக்கென்று ஒரு தனிமை வேண்டாமா?” என்று 16 வயது மகள் கேட்பாள். வேண்டும். ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை நம் நாடு 1991ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அதன் 16ஆம் உறுப்புரை, பிள்ளையின் அந்தரங்கத்திலும் கடிதத் தொடர்பிலும் காரணமின்றித் தலையிடலாகாது என்கிறது. 17ஆம் உறுப்புரை தகவலைப் பெறும் உரிமையைச் சொல்கிறது. பிள்ளை அறியாமல் அதன் தொலைபேசியில் ஒற்றுச் செயலியை நிறுவி, தோழிக்கு எழுதியதை எல்லாம் வாசிக்கும் பெற்றார் இருக்கின்றனர். அது கண்காணிப்பு ஆகாது. என்றாவது ஒருநாள் அது வெளிப்படும். வெளிப்பட்ட நாளிலிருந்து அப்பிள்ளை பெற்றாரிடம் ஒன்றையும் சொல்லமாட்டாது. எதனைப் பார்ப்போம், எதனைப் பாரோம் என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். 10 வயதில் அருகே அமர்ந்திருங்கள்; 13 வயதில் அதே கூடத்தில் இருங்கள்; 16 வயதில் அவ்வப்போது கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுப்பாடு வயதோடு தளர்ந்து செல்லவேண்டும். தளரும் என்பதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

நெடுநேரம் விளையாடும் பிள்ளைகளை எல்லாம் நோயாளர் என்று எண்ணி அஞ்சவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்படுத்தலில், 2022ஆம் ஆண்டு முதல் விளையாட்டு மீறல் ஒரு நோயாக இடம்பெறுகிறது என்பது உண்மையே. ஆனால், விளையாட்டின் மீது கட்டுப்பாட்டை இழந்து, ஏனைய யாவற்றினும் அதனையே முதன்மையாகக் கொண்டு, கேடு விளைந்த பின்னும் விடாமல் தொடர்ந்து, பெரும்பாலும் 12 மாதங்களாவது அந்நிலையில் இருப்பவரைப் பற்றியே அது பேசுகிறது. விடுமுறையில் நாள் முழுதும் விளையாடிய பையனுக்கு வேண்டியது வைத்தியர் அல்லர். ஒரு பந்தும், அவனோடு விளையாட நாலு பேரும்.

உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்கிறேன். ஃப்ரீ ஃபயர், பப்ஜி போன்ற விளையாட்டுகளில், ஆடுவோர் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே ஆடலாம். அங்கே அறிமுகமாகும் ஒருவர் தமக்கும் 15 வயது என்பார். பல நாள்கள் நல்ல நண்பராக இருப்பார். விளையாட்டுக்கு வேண்டிய வைரங்களை வாங்கிப் பரிசளிப்பார். பின்னர் வேறொரு செயலியிற் பேசலாம் என்று அழைப்பார். ஒரு நாள் படமொன்று கேட்பார். படம் போய்ச் சேர்ந்ததும் அவருடைய குரல் மாறும். பணம் கொடு, அல்லது இன்னும் படம் அனுப்பு. இல்லையேல் உன் பாடசாலைக்கும் உறவினருக்கும் இதனை அனுப்புவேன் என்பார். இப்பொழுது செயற்கை நுண்ணறிவின் உதவியால், பாடசாலை விழாவில் எடுத்த சாதாரணப் படத்திலிருந்தே இழிவான படத்தை உருவாக்கிவிடலாம். பிள்ளை எதனையும் அனுப்பியிருக்கவே வேண்டியதில்லை. பெண்பிள்ளைகளுக்கே இது நேரும் என்று எண்ணற்க. ஆண்பிள்ளைகளும் இவ்வலையில் வீழ்கின்றனர். உலகில் இதனால் உயிர்நீத்த பிள்ளைகளும் உளர்.

அந்த இரவில் அப்பிள்ளை யாரிடம் செல்லும்? இதுவே நாம் விதிக்கும் கட்டுப்பாடுகள் அனைத்துக்கும் சோதனை. “ஏதாவது பிழை நடந்தது தெரிந்தாற் தொலைபேசியைப் பறித்து உடைத்துவிடுவேன்” என்று சொல்லி வளர்த்த வீட்டிலே, பிள்ளை சொல்லாது. மானம் போய்விடும், அடி விழும், தொலைபேசி போய்விடும் என்று எண்ணி மிரட்டுபவனுக்கே மேலும் பணிந்துபோகும். ஆகையால், கட்டுப்பாடுகளைச் சொல்லும் அதே நாளில் இன்னொன்றையும் பெற்றார் சொல்லிவைக்கவேண்டும்: அங்கே யாராவது உன்னைப் பயமுறுத்தினால், நீ முதலில் என்ன செய்திருந்தாலும், எங்களிடம் வந்து சொன்னதற்காக உன்னைத் தண்டிக்கமாட்டோம். ஒருமுறை சொன்னாற் போதாது. சொன்ன சொல்லை, கண்ணாடிப் பாத்திரம் உடைந்த நாளிலும் பரீட்சையிற் புள்ளி குறைந்த நாளிலும் காத்து வந்திருந்தாலே பிள்ளை அதனை நம்பும்.

அவ்வாறு ஒரு பிள்ளை வந்து சொன்னால், ஏசுவதை நிறுத்திவைத்து இவற்றைச் செய்யுங்கள். பணம் அனுப்பாதீர்கள், ஒருமுறை அனுப்பினால் மறுமுறையும் கேட்பான். செய்திகளை அழித்துவிடாதீர்கள், அவையே சான்று. அவனது பெயர், கணக்கு, வந்த நேரம் யாவற்றையும் படமாகப் பதிந்துகொண்டு, பின்னர் அவனைத் தடுத்துவிடுங்கள். 18 வயதுக்குக் குறைந்தோரின் இத்தகைய படங்களை இணையத்தில் தடுப்பதற்கு, காணாமற்போன சிறுவர்களுக்கான அமெரிக்கத் தேசிய நிலையம் டேக் இற் டவுன் என்னும் இலவசச் சேவையை நடத்துகிறது. அதற்குப் படத்தை அனுப்ப வேண்டியதில்லை. படத்தின் எண்ணிமக் கைரேகை போன்றதொரு குறியீடு மட்டுமே உங்கள் கருவியிலிருந்து செல்லும். இந்நாட்டில், 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பெற்ற தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1929. இரவும் பகலும் அழைக்கலாம், கட்டணமில்லை. பொலிஸ் நிலையங்களிற் சிறுவர், பெண்கள் பணியகங்களும் உள்ளன.

இந்த இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, கூடத்திற் கணினிக்கு மேலே ஒட்டி வையுங்கள். ஒன்று, ஒன்பது, இரண்டு, ஒன்பது. அம்மம்மாவுக்கும் அதனைச் சொல்லிக் கொடுங்கள்.